ஓரிலைத் தாமரையும் ஏழுதான் குழம்பும்

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்காதவள் என்று என்னை இன்றுவரை ஒருவரும் சொன்னதில்லை. அரிவாள்மணை, அம்மிக்குழவி, உரல் உலக்கை என்று கரமனைத் தெருவில் எதை யார் வீட்டில் வாங்கினாலும் கழுவித் துடைத்து அன்றைக்கே கொண்டுபோய் வைத்துவிடுவேன். ஒரே ஒரு தடவை அப்படிச் சொல்ல ஒரு மனிதருக்கு இடம் கொடுத்துவிட்டேன். அவர் சொல்லவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். ஆற்றுக்குப் போகிற தெருவில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்குக் காட்டு இலாகா கச்சேரியில் குமஸ்தா உத்தியோகம். காட்டைப் பற்றிய காகிதம் எழுதுவாரே தவிர, காட்டை அவர் கண்டதில்லை. காணவும் ஆசை கிடையாது. ஆடி மாதத்துச் சாரல் மேலே பட்டாலே பத்து நாள் தும்முகிற உடம்பு. அந்த வருஷம் பார்த்து, போனக்காட்டுப் பக்கம் மலைமேல் புதிதாக ஒரு முகாம் போடப் போகிறார்கள், இரண்டு குமஸ்தாக்களில் ஒருவர் அங்கே போய் இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. அங்கே குளிரும், அட்டைக் கடியும், மலைஜுரமும் என்று கேள்வி. யார் போவது என்று தீர்மானிக்க வேண்டியவர் கச்சேரியின் பெரிய சார்.

பெரிய சாருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். மலையாளத்துக்காரர். நல்ல மனிதர், செடிப் பைத்தியம். அதிலும் மரத்தில் தொற்றிக்கொள்ளாமல் மண்ணிலேயே முளைக்கிற ஆர்க்கிட் என்றால் அவருக்குச் சாப்பாடு வேண்டாம். கண்ணில் புரை விழுந்து, மதராஸில் மகள் வீட்டில் தங்கி ஆபரேஷன் செய்துகொள்ளப் போனார். திரும்பி வர ஆறு மாதம் ஆகும். தன் வீட்டுத் தோட்டக்காரனிடம் விட்டுப் போனால் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி தண்ணீர் கொட்டிக் கொன்றுவிடுவான் என்று அவருக்குப் பயம். என் வீட்டுக்காரர் சும்மா இருக்கக் கூடாதா? "எங்காத்துல அவ காய்ஞ்ச குச்சியை நட்டாலும் துளிர்க்கும் சார்" என்று சொல்லிவிட்டார். பொய்யில்லை, உண்மைதான். ஆனாலும் கேட்காமல் சொல்லியிருக்க வேண்டாம்.

ஐப்பசி மாதம் ஒரு காலையில் பெரிய சாரே வில்வண்டியில் பூச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அந்தக் காலத்தில் அந்நிய புருஷனிடம் நேரே பேசுகிற வழக்கம் இல்லை. கதவைப் பார்த்துப் பேச வேண்டும். நடுவில் நிற்கிற வீட்டுக்காரர் அதை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

சட்டியில் இருந்தது ஒரே ஓர் இலை. வெற்றிலை வடிவத்தில், விசிறி மடிப்பு மாதிரி மடிப்பு மடிப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு, மண்ணோடு படுத்துக் கிடந்தது. அவ்வளவுதான்.

"அம்மாளே, இதுதான் ஓரிலைத் தாமரை" என்றார் பெரிய சார். "இதிலே பல ஜாதி உண்டு. எல்லாத்துக்கும் ஓர் இலைதான். கார்த்திகை மாசம் இந்த இலை காயும். பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். அடியிலே கிழங்கு உறங்கும். தண்ணி வேண்டா. கோடை மழை பெய்தா பூ மட்டும் தனியா வரும். பூ போன பின்னாடிதான் புது இலை. இலையும் பூவும் ஒண்ணை ஒண்ணு இந்நாள்வரை கண்டதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரே ஆத்துல இருந்துண்டு முகம் பார்க்காத ஓர்ப்படிகள் மாதிரின்னு சொல்லுங்கோ" என்றேன் கதவிடம். என் வீட்டுக்காரர், "பத்திரமா பாத்துக்கறாளாம் சார்" என்று எடுத்துக் கொடுத்தார்.

இப்போது என் ஓர்ப்படியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, ஒரே வீட்டில்தான் இருந்தோம். நான் அக்கா என்று கூப்பிடுவேன். சமையலில் அவளை அடிக்க ஆள் கிடையாது. பேச்சிலும்தான். சட்டியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுக்கா வண்டி கட்டிண்டு வந்தார்? ஒரு இலை! ஒருத்தர் சாப்பிடக்கூட ஆகாது."

"சாப்பிடறதுக்கு இல்லை அக்கா. இது ஆர்க்கிட்."

"என்னவோ போ. கறிவேப்பிலையா இருந்தாலாவது உபயோகம் உண்டு."

தெருப் பெண்கள் எல்லாரும் பார்க்க வந்தார்கள். சீமையிலிருந்து வந்த செடி என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். நான் மறுக்கவில்லை. கிணற்றடியில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சட்டியை வைத்து, மாடு வராமல் நாலு குச்சி நட்டு, அந்த ஓர் இலையை நாளுக்கு மூன்று தடவை பார்த்துக்கொண்டேன். சொன்னபடியே கார்த்திகையில் இலை மஞ்சளாகி, சுருங்கி, காற்றோடு போயிற்று. நானும் தண்ணீரை நிறுத்தினேன். சட்டியில் வெறும் மண். அதைச் சுற்றி நாலு குச்சி.

மார்கழித் திருவாதிரை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குக் களியும் ஏழுதான் குழம்பும். தான் என்றால் குழம்பில் போடுகிற காய். ஏழு காய் போட வேண்டும். ஏழு முடியாவிட்டால் ஐந்து அல்லது ஒன்பது. எப்படியும் ஒற்றைப்படைதான். இரட்டைப்படை வந்தால் நடராஜரே ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார் என்பது போல ஒரு பயம் எங்கள் வீடுகளில்.

அந்தத் திருவாதிரைக்குச் சரியாக நான் வீட்டுக்கு ஆகாமல் மூன்று நாள் ஒதுங்கியிருந்தேன். பின்கட்டில் தனி அறை, தனிப் பாய். அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. அக்கா ஒருத்தியாக விடியலில் எழுந்து எல்லாம் செய்தாள். மத்தியானம் எனக்கு இலையைத் தள்ளி வைத்துத் தூரத்திலிருந்து பரிமாறினாள். களி நெய்யில் மிதந்தது. குழம்பு மணத்துக்குக் கேட்க வேண்டாம். அதில் சின்னதாக, வெள்ளையாக, உருண்டையாக ஒரு கிழங்கு கிடந்தது. நான் சிறுகிழங்கு என்று நினைத்தேன்; ஆனால் அதைவிட வழவழப்பு. கடித்தால் கடைசியில் ஒரு துளி கசப்பு நாக்கில் நின்றது. அந்தக் கசப்பே ருசியாக இருந்தது.

"அக்கா, தான் இன்னும் ரெண்டு போடுங்கோ. அந்த உருண்டையாப் பார்த்து."

"அதுதான் கொஞ்சமாக்கும். நோக்குன்னு எடுத்து வச்சேன், சாப்பிடு" என்று இருந்த மூன்றையும் போட்டாள். நல்லவள்தான் அவள்.

நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். குச்சிகள் நாலும் ஒழுங்காக நின்றன. சட்டி மண் மட்டும் புதிதாகக் கொத்தி, மேலே அழகாகத் தட்டி விடப்பட்டிருந்தது.

"அக்கா! சட்டியை யாரு கிளறினா?"

"நான்தான்" என்றாள், கொஞ்சமும் அசையாமல். "வாங்கி வச்ச சிறுகிழங்கு அழுகி நாத்தம். காய் எண்ணினேன், ஆறு. வாழைக்காய், சேனை, பூசணி, பரங்கி, அவரை, சீனிக்கிழங்கு. விடியக்காலம் எந்தக் கடை திறந்திருக்கும்? உன் சட்டியில செடி செத்துப் போய்க் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தேன். முத்து முத்தா கிழங்கு!"

"ஒரு காயைக் குறைச்சு அஞ்சாப் பண்ணியிருக்கப்படாதா?"

"ஆறையும் அரிஞ்சாச்சே! அரிஞ்ச காயைத் திரும்பச் செடியில ஒட்டவா?"

"சாக்கடை ஓரம் சேம்பு இருக்கே!"

"காட்டுச் சேம்பு! தொண்டையை அரிச்சு எல்லாரும் சுவாமிக்கு முன்னாடி கத்திண்டு நிக்கவா? வெறுதே, ஒண்ணுமில்லாத ஒரு சட்டிக்கு இத்தனை பேசாதே. நீதானே இன்னும் ரெண்டு போடுன்னு கேட்டே?"

கேட்டது நான்தான்.

சாயங்காலம் கச்சேரியிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். "தின்னுட்டோமா?" என்றார். "நானும் தின்னேனா?" என்றார். பிறகு, "போனக்காடுதான். கம்பளி வாங்கணும்" என்று சொல்லிவிட்டு மூன்று தடவை தும்மினார். மலையை நினைத்ததற்கே அந்தத் தும்மல்.

ஓரிலைத் தாமரை மருந்துக்கும் ஆகும் என்று கேள்விப்பட்டு நாட்டு வைத்தியர் கடைகளில் விசாரித்தார். காய்ந்த வேர்தான் கிடைத்தது. அதையும் நட்டுப் பார்த்தோம். மருந்து வாசனை வந்ததே தவிர முளை வரவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை தோன்றியது. வேறு யார் மேலும் பழி போட மாட்டேன். அது என் யோசனைதான். சாக்கடை ஓரத்துக் காட்டுச் சேம்பில் விரலளவு கன்று ஒன்றைப் பிடுங்கிச் சட்டியில் நட்டேன். அதன் இலையும் ஒரு மாதிரி வெற்றிலை வடிவம்தான். கண் ஆபரேஷன் ஆனவர்தானே, சட்டியில் ஏதோ பச்சையாக இருந்தால் பூ வந்து போய்ப் புது இலை விட்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார், பிற்பாடு மெல்ல ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம்.

சேம்பு சும்மா இருக்குமா? இரண்டு நாளுக்கு ஓர் இலை விடும். ஓரிலைத் தாமரைக்கு இரண்டு இலை ஆகாதே! நான் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் புதுக் குருத்தைக் கிள்ளிவிட்டு, ஓர் இலையை மட்டும் நிறுத்தி வைத்தேன். பெரிதானால் அதையும் கிள்ளி, சின்னதை விட்டேன். அக்கா பல் துலக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பாள்.

"பெத்த குழந்தைக்குக்கூட இப்படி நகம் வெட்டியிருக்க மாட்டே."

விஷு கழிந்து பத்து நாளில் பெரிய சார் திரும்பிவிட்டார் என்று சேதி வந்தது. கண்ணுக்குப் பச்சைத் துணியில் மறைப்புக் கட்டியிருக்கிறாராம். மூக்குக் கண்ணாடி மதராஸிலிருந்து இன்னும் வரவில்லையாம். அதற்குள் சட்டியைப் பார்க்க வருகிறாராம். அதற்கு முந்தின வாரம் நல்ல இடி மழை. அவர் வருகிற நாள் காலையில் குருத்துக் கிள்ளப் போனேன். சேம்புக்குப் பக்கத்தில் பென்சில் கனத்துக்கு ஒரு தண்டு நின்றது. உச்சியில் நாலைந்து மொட்டு. கீழ் மொட்டு இரண்டு விரிந்திருந்தன. பச்சையும் மஞ்சளுமாக மெலிந்த இதழ்கள், நடுவில் வெள்ளை நாக்கு, அதில் ஊதா ரேகை. பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. அக்காவின் விரலுக்குத் தப்பிய ஒரு கிழங்கு மண்ணுக்குள் இருந்திருக்கிறது!

எனக்கு ஒரே சந்தோஷம். இனி சேம்பு எதற்கு, பிடுங்கிப் போடலாம் என்று குனிந்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. பெரிய சார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்துக் கிணற்றடிக்கு அழைத்து வந்தார். நான் கதவுக்குப் பின்னால் ஓடினேன். பெரிய சார் சட்டிக்கு முன்னால் குந்தி, பச்சைத் துணியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார்.

"பூ வந்நோ!" என்றார். பிறகு, "குமஸ்தே, பூவுக்கு அடுத்து பச்சையா ஒண்ணு தெரியுதே, அது எந்தா?"

என் வீட்டுக்காரர் கதவைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"இலை சார்" என்றார் அவர்.

பெரிய சார் துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "இலையும் பூவும் சேர்ந்தோ? பகவானே! முப்பது வருஷம் ஞான் இதைப் பார்க்கிறேன். காட்டில் இல்லை, புஸ்தகத்தில் இல்லை. அம்மாளே, உங்க கையிலே எந்தோ உண்டு!" என்று இலையைத் தடவக் கையை நீட்டினார்.

"தொட்டா வாடிடும்னு சொல்லுங்கோ!" என்று நான் கத்தியது ஆறு வரைக்கும் கேட்டிருக்கும்.

கையை இழுத்துக்கொண்டார். மூன்று நாளில் கண்ணாடி வந்துவிடும், வந்து தானே படம் வரைவேன், அதை மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் சீமைக்கும் அனுப்புவேன், இந்த வீட்டம்மாள் வளர்த்தது என்று எழுதுவேன் என்றார். போகும்போது என் வீட்டுக்காரர் தோளில் தட்டி, "உன்னைப் போனக்காட்டுக்கு அனுப்பினா இந்தச் சட்டியை யார் காவல் காக்கும்? நீ இங்கேயே இருந்தா மதி, அது போதும்" என்று சொல்லிவிட்டும் போனார்.

வண்டி திரும்பினதுதான் தாமதம், என் வீட்டுக்காரர் குதித்தார். "தப்பிச்சோம்டீ! நீ மிண்டாம, வாயைத் திறக்காம இரு. இலையைக் கிள்ளிடு. மாடு தின்னுடுத்துன்னு சொல்லிக்கலாம்."

அக்கா அடுக்களையிலிருந்து, "பூவை விட்டுட்டு இலையை மட்டும் தின்ன மாடு எந்த ஊர் மாடு? அதையும் படம் போட்டு அனுப்பச் சொல்லு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் காவலில் இருந்ததை மாடு தின்றது என்று நான் சொல்வதா? அதைவிட, அந்த மனிதர் பாவம், சாக்கடைச் சேம்பைப் படம் போட்டுச் சீமைக்கு அனுப்பினால் அங்கே இருப்பவர்கள் என்ன சொல்வார்கள்? முப்பது வருஷம் செடி பார்த்தவருக்குச் சேம்பு தெரியவில்லை என்று சிரிப்பார்களே. அவருக்கு வரும் அவமானம் என் சட்டியிலிருந்து புறப்படுமே. சொல்லிவிட்டால் இவருக்குப் போனக்காடு. சொல்லாவிட்டால் இவர் உத்தியோகம் கரமனையிலேயே, நான் மட்டும் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. யாருக்கும் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியுமே.

மூன்று நாளும் வழக்கம் போலக் குருத்துக் கிள்ளினேன். சட்டியில் தெளித்த தண்ணீர் அந்த இலையில் ஒட்டாமல் உருண்டு உருண்டு ஓடியது. குளத்துத் தாமரையை விட்டால், சேம்பைத் தவிர வேறு எதில் அப்படி ஓடும்? என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை பெரிய சார் வந்தார். கையில் வரைகிற காகிதம், சாயப் பெட்டி. சட்டைப் பையில் எழுதி முடித்த கடிதம். புதுக் கண்ணாடி உறைக்குள். சட்டிக்கு முன்னால் போய்த்தான் போடுவேன் என்று வைத்திருந்தார். அவர் உறையைத் திறக்கிறார். நான் கதவைத் தள்ளிக்கொண்டு கிணற்றடிக்கே வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்தக் கடிதாசை அனுப்பாதேங்கோ" என்றேன் நேராகவே. "பூ உங்களோடது. இலை உங்களோடது இல்லை. அது சேம்பு. நான்தான் நட்டேன். உங்க கிழங்கைத் திருவாதிரைக்குக் குழம்பிலே போட்டுச் சாப்பிட்டுட்டோம். ஒண்ணுதான் தப்பிச்சிருக்கு. தப்பு எங்க மேலே. இவரை எங்கே வேணுமானாலும் அனுப்புங்கோ, கம்பளி வாங்கியாச்சு."

பெரிய சார் கண்ணாடியைப் போட்டார். சட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு விரலால் தண்ணீர் தொட்டு இலைமேல் விட்டார். அது உருண்டு ஓடியது. கடிதத்தை எடுத்து நாலாக மடித்து மறுபடி பையில் வைத்தார்.

"தின்னுட்டீங்களோ?" என்றார்.

"ஆமாம்."

"எல்லாரும்?"

"நான்தான் ஜாஸ்தி. கேட்டு வாங்கித் தின்னேன்."

அவர் கல்லில் உட்கார்ந்து, காகிதத்தை முழங்காலில் விரித்து, பென்சிலை எடுத்தார். "ருசி எப்படி?" என்றார்.

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்றே தெரியவில்லை.

"முப்பது வருஷம் இதை வரைஞ்சேன், அளந்தேன், பேர் எழுதினேன். கடிச்சுப் பார்க்க ஒரு நாளும் தைரியம் வந்நில்லை. சொல்லுங்கோ அம்மாளே. கசப்போ?"

"வழவழன்னு இருந்தது. கடைசியிலே துளி கசப்பு. நல்ல கசப்பு."

எழுதிக்கொண்டார். "எவ்வளவு நேரம் வேகணும்?"

அது எனக்கு எப்படித் தெரியும்? உள்ளேயிருந்து அக்கா குரல் வந்தது. "புளித்தண்ணி கொதிச்சப்புறம் போடணும். முன்னாடியே போட்டா கரையும். தேங்காய் வறுத்து அரைச்சு விடணும்னும் எழுதிக்கச் சொல்லு!" அதையும் எழுதிக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி மூக்கிலிருந்து நழுவி விழப் போனது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பிடித்தார். அன்று அவர் செய்த ஒரே உபகாரம் அது.

ஆனாலும் போனக்காடு தப்பவில்லை. "தின்ன கிழங்கைத் திருப்பித் தர வேண்டே?" என்று பத்து நாள் மட்டும் அவரை மலைக்கு அனுப்பினார் பெரிய சார். முகாமுக்கு இன்னொரு குமஸ்தா போனார். பத்தாம் நாள் என் வீட்டுக்காரர் வந்து இறங்கினார். காலெல்லாம் அட்டைக் கடி. கையில் ஒரு கூடைக் கிழங்கு. தும்மல் ஒன்றுகூட இல்லை. மலைக் காற்று அவருக்கு ஒத்துக்கொண்டதாம். கூடையை இறக்கி வைத்ததும் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"எண்ணிப் பார்க்கவே வேண்டாம்" என்று நான் கூடையை மூடினேன்.

அவ்வளவையும் பெரிய சார் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். வாங்கினதற்கு மேலேயே திருப்பினோம். அந்த மார்கழியில் திருவாதிரைக்கு முந்தின நாள் கச்சேரிச் சேவகன் ஒரு மூட்டையோடு வந்தான். பெரிய சார் கொடுத்தனுப்பியது. அவிழ்த்துப் பார்த்தால் நல்ல சிறுகிழங்கு, மண் உதிராமல், ஒரு பக்காப் படி இருக்கும். ஏழாவது காய் குறையக் கூடாது என்று சொல்லச் சொன்னாராம்.

மறுநாள் அக்கா குழம்பு வைத்தாள். என் தாய் வீட்டுச் சீரில் வந்த பித்தளைத் தூக்கு நிறைய ஊற்றி, களியும் கட்டிப் பெரிய சார் வீட்டுக்கு அனுப்பினேன். அந்தத் தூக்கு இன்னும் திரும்பி வரவில்லை.